பல்லைக் கேட்டு எந்தப் பிள்ளையும் பிறப்பதில்லை

ஈறில் ரத்தம் வருகிறது என்று ஒரு பெண் சொன்னால், எங்கள் தா.பழூர் பக்கத்தில் அவளுக்குக் கிடைக்கும் பதில் அவள் வயதைப் பொறுத்தது. பதின்மூன்று வயதுப் பெண் என்றால், "வயசுக்கு வந்த உடம்பு, சூடு." வயிற்றில் பிள்ளை இருந்தால், "புள்ள சுண்ணாம்புச் சத்தை இழுக்குது." பெற்று எடுத்து வந்தவள் என்றால், "பச்சை உடம்பு, எகிறு அப்படித்தான் இருக்கும்." ஐம்பதைத் தொட்டவள் என்றால், "தீட்டு நின்ன பெறவு பல்லு நிக்குமா?" பதில் சொல்பவர்கள் அம்மா, மாமியார், அத்தை, பக்கத்து வீட்டு அக்கா. எல்லாரும் அவள்மேல் அக்கறை உள்ளவர்கள். அவர்களில் பெரும்பாலோர் தங்கள் பற்களை இதே பதில்களுக்குப் பறிகொடுத்தவர்கள்.

ஒரே நம்பிக்கைதான் நான்கு வயதில் நான்கு விதமாகப் பேசுகிறது. பெண்ணாகப் பிறந்தால் ஈறு கசியும், பல் ஆடும், பிரசவத்துக்கு ஒன்றாக விழும், அது உடம்பின் வழக்கம், அதற்கு வைத்தியம் எதற்கு? அணைக்கரையிலும் ஸ்ரீபுரந்தானிலும் ஜெயங்கொண்டத்திலும் இதே பேச்சுதான். கொள்ளிடத்தைத் தாண்டிக் கும்பகோணம் போனாலும் இதே பேச்சுதான். படித்த வீடுகளில் சொல் மட்டும் மாறுகிறது. அங்கே "ஹார்மோன் பிராப்ளம்" என்கிறார்கள். சொல்லிவிட்டு அவர்களும் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

இந்த நம்பிக்கை தவறு. தவறான நம்பிக்கைகள் பல உண்டு, எல்லாவற்றோடும் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. இதோடு போக வேண்டும். ஏனென்றால் இது தடுக்கக்கூடிய ஒரு நோய்க்குப் பெண்ணின் உடம்பையே காரணமாகக் காட்டி, அவளை வைத்தியத்திலிருந்து விலக்கி வைக்கிறது.

ஹார்மோனுக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. பங்கு உண்டு, பெரிய பங்கு. ஈறின் சதையிலேயே ஈஸ்ட்ரோஜனுக்கும் புரோஜெஸ்டிரோனுக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. மாதவிலக்குச் சுழற்சியில் எட்டும் உச்ச அளவை விடப் பிரசவம் நெருங்கும் மாதங்களில் புரோஜெஸ்டிரோன் ஏறக்குறைய பத்து மடங்கும், ஈஸ்ட்ரோஜன் முப்பது மடங்கும் ஏறுகின்றன. புரோஜெஸ்டிரோன் ஈறின் நுண்ணிய ரத்தக் குழாய்களை விரிக்கிறது, அவற்றின் சுவரைக் கசிய விடுகிறது. ஈஸ்ட்ரோஜனின் ஏற்றத்தால் ஈறின் மேல்தோலின் கெட்டித்தன்மை குறைகிறது. இதோடு, 1980-ல் கோர்ன்மன், லோஷ் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டு சொன்ன ஒன்றும் உண்டு: ஈறில் குடியிருக்கும் ஒருவகைக் கிருமி தனக்கு வேண்டிய வைட்டமின் கே போன்ற பொருளுக்குப் பதிலாக இந்த ஹார்மோன்களையே எடுத்து வளர்கிறது. நான்காம் மாதம் முதல் அந்தக் கிருமியின் கூட்டம் பெருகுகிறது.

ஆனால் இத்தனை ஹார்மோனும் எதன்மேல் வேலை செய்கின்றன என்பதுதான் கேள்வி. பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் ஒட்டியிருக்கும் வழுவழுப்பான அழுக்குப் படலத்தின்மேல். அது சோற்றுப் பருக்கை அல்ல, முழுக்கக் கிருமிகளால் ஆன படலம். கரும்பு வெட்டிய கொல்லையில் சோகைக்கு வைத்த தீ, காற்று அடித்தால் பக்கத்துக் கொல்லைக்குத் தாவும். காற்று எவ்வளவு அடித்தாலும், தீயே வைக்காத கொல்லை எரியாது. ஹார்மோன் காற்று. தீ அந்த அழுக்கு. நம் வீடுகளில் காற்றைப் பற்றியே பேசித் தீயை மறந்துவிட்டோம்.

இதை நிரூபித்த சோதனை அறுபது ஆண்டுகளுக்கு முந்தையது. டென்மார்க்கின் ஓர்ஹுஸ் நகரத்தில் ஹரால்ட் லோ என்ற நார்வேக்காரர் 1965-ல் வெளியிட்டார். நல்ல ஈறுள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். பத்தாம் நாளிலிருந்து இருபத்தொன்றாம் நாளுக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு வீங்கியது. ஒருவர்கூடத் தப்பவில்லை. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் எல்லாருக்கும் சரியானது. சூட்டு உடம்பு, குளிர்ந்த உடம்பு என்ற பேதமெல்லாம் அங்கே எடுபடவில்லை.

அதே லோ, சில்னஸ் என்பவரோடு சேர்ந்து 1963-ல் கர்ப்பிணிகளை ஆராய்ந்திருந்தார். அவர் பார்த்த கர்ப்பிணிகள் எல்லாருக்கும் ஈறு அழற்சி இருந்தது. இரண்டாம் மாதத்தில் ஏறத் தொடங்கி, எட்டாம் மாதத்தில் உச்சம் தொட்டு, கடைசி மாதத்தில் இறங்கியது. நம் மாமியார்களின் கட்சிக்கு இது சாதகமான சான்று போலத் தோன்றும். முழுதாகப் படித்தால் அப்படி இல்லை. வாயில் சேர்ந்த அழுக்கின் அளவு அதே விகிதத்தில் ஏறவில்லை, அதே அழுக்குக்கு ஈறு காட்டிய கோபம்தான் ஏறியது. சாதாரண நாளில் ஒரு பெண்ணின் ஈறு பொறுத்துக்கொள்கிற அழுக்கைக் கர்ப்ப காலத்து ஈறு பொறுப்பதில்லை. ஆகவே கர்ப்பிணி மற்றவர்களை விட நன்றாகப் பல் துலக்க வேண்டும், மற்றவர்களை விட முன்னதாகப் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதே இதன் பொருள். நம் ஊரில் நடப்பது நேர் எதிர்.

சுண்ணாம்புச் சத்துக் கதைக்கு வருகிறேன். வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலிருந்து கால்சியத்தை உறிஞ்சுகிறது என்பதை மெத்தப் படித்தவர்கள் சொல்லியும் கேட்டிருக்கிறேன். பிறக்கும் பிள்ளையின் எலும்புகளில் ஏறக்குறைய 30 கிராம் கால்சியம் இருக்கும். அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில் போய்ச் சேர்வது. அதைத் தர, தாயின் குடல் உணவிலிருந்து கால்சியத்தை வழக்கத்தை விட இரண்டு மடங்கு உறிஞ்சத் தொடங்கிவிடுகிறது. சாப்பாட்டில் போதாமல் போனால் எலும்பு கொடுக்கும். பல் கொடுக்காது. எலும்பு ஓயாமல் கரைந்தும் படிந்தும் கொண்டிருக்கிற உயிருள்ள கிடங்கு. பல்லின் எனாமலுக்குள் ரத்தக் குழாய் கிடையாது. ஒருமுறை இறுகிய பிறகு அதிலிருந்து கால்சியத்தை ரத்தத்துக்குக் கொண்டுபோக உடம்புக்கு வழியே இல்லை. சுகாதார நிலையத்தில் கொடுக்கும் கால்சியம் மாத்திரையை விடாமல் விழுங்குங்கள், அது எலும்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நல்லது. அதை விழுங்குவதால் ஈறில் ரத்தம் நிற்காது.

"அப்படியானால் பிள்ளை பெற்றவர்களுக்குப் பல் குறைவாக இருக்கிறதே, கண்ணால் பார்க்கிறோமே" என்பார்கள். நியாயமான கேள்வி. பிள்ளைக்கு ஒரு பல் என்ற பேச்சு ஐரோப்பாவிலும் உண்டு. அதைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2018-ல் வந்தது. பதினான்கு ஐரோப்பிய நாடுகளிலும் இஸ்ரேலிலும் ஏறத்தாழ 34,000 பேரின் விவரங்களை வைத்துச் செய்தது. இரண்டு பிள்ளையோடு நின்றவர்களை விட மூன்றாவது பெற்ற தாய்மார்களுக்குச் சராசரியாக நான்கு பல் குறைவு என்று கணக்கு வந்தது. தகப்பன்மார்களுக்கு அந்த இழப்பு இல்லை. இதை மறைத்துவிட்டு வாதம் செய்வது முறையல்ல என்பதால் இங்கே சொல்கிறேன். தாய்மார்கள் பல்லை இழப்பது உண்மைதான். ஆனால் கால்சியம் பல்லிலிருந்து போவதில்லை என்பது உறுதியாகத் தெரியும்போது, அந்தப் பற்கள் எப்படிப் போயின? ஒவ்வொரு கர்ப்பத்திலும் தூண்டப்பட்டு, எவரும் கவனிக்காமல் விடப்பட்ட ஈறு நோயால். வாந்தியின் அமிலத்தால். ராத்திரியெல்லாம் பிள்ளையோடு விழித்துக் கிடந்தவள் காலையில் தன் வாயைக் கவனிக்க நேரமில்லாமல் போனதால். "இப்ப வேணாம், பெத்த பெறவு பாக்கலாம்" என்று தள்ளிப்போட்ட வைத்தியத்தால். இதில் எதுவும் விதி இல்லை. ஒவ்வொன்றும் வீட்டில் இருப்பவர்களால் மாற்றக் கூடியது.

தா.பழூர் வட்டாரத்து வாழ்க்கையில் இதைப் பொருத்திப் பாருங்கள். பொன்னாறு வாய்க்கால் பாயும் வயல்களில் நடவும் களையும் பெண்களின் வேலை. ஐந்து மாதக் கர்ப்பத்தோடு வயலில் இறங்குகிறவர்கள் இன்றும் உண்டு. விடிவதற்குள் சமைத்துப் பாத்திரத்தில் கட்டிக்கொண்டு போக வேண்டும். விரலில் பல்பொடி, இல்லையென்றால் சாம்பல், வாயைக் கொப்பளித்தால் முடிந்தது. விரல் பல்லின் முகத்தைத் தேய்க்கும். அழுக்கு உட்கார்ந்திருக்கும் ஈறோரத்துக்கும் பல்லிடுக்குக்கும் போகாது. செங்கல் பொடியும் உமிக்கரியும் அங்கே போகாமலே எனாமலை மட்டும் தேய்த்துவிடும். வேலைக்கு நடுவே களைப்புக்கு வெற்றிலை, கூடவே பாக்கும் ஒரு துண்டு புகையிலையும். பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. புகையிலையை அடக்கி வைக்கும் இடத்தில் ஈறு பல்லை விட்டு இறங்கும். இவ்வளவையும் வைத்துக்கொண்டு, பல் ஆடும்போது பழியைக் கருப்பையின்மேல் போடுகிறோம்.

பிரசவத்துக்குப் பிறகு நடப்பது இன்னும் கொடுமை. பச்சை உடம்புக்காரி கடினமானதைக் கடிக்கக் கூடாது, பழம் சீதளம், பிரஷ் போட்டால் ஈறு தளர்ந்துவிடும் என்று வாரக்கணக்கில் விட்டுவிடுகிற வீடுகள் உண்டு. பத்தாம் நாளுக்கும் இருபத்தொன்றாம் நாளுக்கும் இடையில் பன்னிரண்டு பேருக்கும் ஈறு வீங்கிய அந்த டென்மார்க் சோதனையை ஒரு தாய்மீது, அவள் ஈறு ஏற்கெனவே வீங்கி இருக்கும் வேளையில், நாமே செய்கிறோம். இதற்குப் பத்தியம் என்று பெயர். மிளகு ரசமும் பூண்டும் கருவாடும் கொடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. பிரஷைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு அச்சம், "மாசமா இருக்கும்போது பல்லுல கை வச்சா கரு கலைஞ்சிடும்" என்பது. இது எவ்வளவு பேரை வலியோடு உட்கார வைத்திருக்கிறது! அமெரிக்காவில் 823 கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஆய்வு 2006-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. எல்லாருக்கும் முற்றிய ஈறு நோய் இருந்தது. ஒரு பாதிப் பேருக்கு 13-ஆம் வாரத்திலிருந்து 21-ஆம் வாரத்துக்குள் பல் வேர் வரை ஆழமாகச் சுத்தம் செய்தார்கள். மறு பாதிக்குப் பிரசவத்துக்குப் பிறகு. குறைமாதப் பிரசவம் முதல் தரப்பில் நூற்றுக்கு 12.0, இரண்டாம் தரப்பில் 12.8. அதாவது வைத்தியத்தால் கருவுக்குத் தீங்கு வரவில்லை, ஈறு குணமானது. ஈறைக் குணப்படுத்தினால் குறைமாதப் பிரசவம் குறையும் என்று 1990-களில் எழுந்த நம்பிக்கையை இதே ஆய்வு மெய்ப்பிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழந்தைக்காக ஈறைக் காப்பாற்றுங்கள் என்று பயமுறுத்தி ஒரு பெண்ணை மருத்துவரிடம் அனுப்ப நான் விரும்பவில்லை. அவளுடைய பல் அவளுக்கு வேண்டும். அந்த ஒரு காரணம் போதும்.

அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2013-லேயே தெளிவாகச் சொன்னது: ஈயக் கவசம் போட்டு எடுக்கும் பல் எக்ஸ்ரேயும், மரத்துப்போக ஊசி போட்டுச் செய்யும் பல் வைத்தியமும் கர்ப்ப காலத்தில் பாதுகாப்பானவை. ஒரு பல் எக்ஸ்ரேயின் கதிர், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரே நாளில் நம்மேல் படுகிற இயற்கைக் கதிரின் அளவுதான் இருக்கும். ஆனால் பல் மருத்துவருக்குப் பயந்து இந்தப் பெண் என்ன செய்கிறாள்? வலி தாங்காமல் மெடிக்கலுக்கு ஆள் அனுப்பி ஒரு வலி மாத்திரை வாங்குகிறாள். அது பெரும்பாலும் டைக்ளோஃபினாக் வகை. இருபதாம் வாரத்துக்குப் பிறகு அந்த வகை மாத்திரைகள் கருவின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020-ல் எச்சரித்திருக்கிறது. டெட்ராசைக்ளின் வகை வேறு கிடைத்தால் பிறக்கும் பிள்ளையின் பல்லிலேயே கறை விழும். பாதுகாப்பான வழியை ஆபத்து என்று சொல்லி, உண்மையான ஆபத்தைக் கையில் கொடுக்கிறது இந்த நம்பிக்கை. இதை நினைத்தால் எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

இதுவரை சொன்னவை பழைய நம்பிக்கை. ஐந்தாறு ஆண்டுகளாக அதன் பக்கத்தில் புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயர் ஆன்டி ஆக்ஸிடன்ட். யூடியூபில் பார்த்தோம், வாட்ஸ்அப்பில் வந்தது, சொந்தக்காரப் பெண் ஒருத்தி ஏஜென்சி எடுத்திருக்கிறாள் என்று டப்பா டப்பாவாக வீட்டுக்குள் வருகிறது. கிரீன் டீ, மாத்திரை, பொடி, டானிக். ஈறுக்கு, தோலுக்கு, கர்ப்பத்துக்கு, மாதவிடாய் நின்றவர்களுக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒன்றே. களை எடுத்துச் சேர்த்த கூலி ஆயிரக்கணக்கில் அதில் போகிறது.

இதிலும் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் விற்கிறது. ஈறோரத்துக் கிருமியைக் கொல்ல நம் வெள்ளை அணுக்கள் ஆக்ஸிஜனைக் கொண்டு வீரியமான நச்சுப் பொருள்களை உமிழ்கின்றன. கிருமி அங்கேயே இருந்துகொண்டிருந்தால் அவையும் உமிழ்ந்துகொண்டே இருக்கும். கிருமியோடு சேர்த்து ஈறையும், பல்லைப் பிடித்திருக்கும் நாரையும், எலும்பையும் அவை அரிக்கும். வைட்டமின் சி, இ, குளுட்டதையோன் போன்றவை அந்த நச்சை முறிப்பவை. இங்கிலாந்தின் பர்மிங்காமில் இயன் சாப்பிள் என்ற பேராசிரியரும் குழுவினரும் இதை நீண்ட காலமாக ஆராய்ந்தவர்கள். அமெரிக்காவில் சுமார் 11,000 பேரின் ரத்தத்தைப் பார்த்து, வைட்டமின் சி குறைந்தவர்களிடம் முற்றிய ஈறு நோய் அதிகம் என்று 2007-ல் எழுதினார்கள். ஆனால் அவர்களே கண்ட இன்னொன்றை டப்பா விற்பவர்கள் சொல்வதில்லை. ஈறு நோயாளிகளின் ஈறு நீரில் அந்த நச்சை முறிக்கும் திறன் குறைந்து கிடந்தது. மாத்திரை எதுவும் கொடுக்காமல், பல்லைச் சுத்தம் செய்து ஈறை ஆற்றியதும் அது மீண்டும் ஏறியது. ஆன்டி ஆக்ஸிடன்ட் குறைந்ததில் ஒரு பகுதி நோயின் விளைவு. கிருமியை அப்படியே வைத்துக்கொண்டு மாத்திரை விழுங்குவதால் என்ன கிடைக்கும்?

கர்ப்பிணிகளிடம் இதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். ஈறுக்காக அல்ல, கர்ப்ப கால ரத்தக் கொதிப்பைத் தடுக்குமா என்று. இங்கிலாந்தில் 2,400-க்கும் மேற்பட்ட பெண்களில் ஒரு பாதிக்கு வைட்டமின் சி 1,000 மில்லிகிராமும் வைட்டமின் இ-யும் தினமும் கொடுத்தார்கள். 2006-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. கொதிப்பு குறையவில்லை. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு எடை குறைந்த பிள்ளைகள் கூடுதலாகப் பிறந்தன. ஊட்டம் குறைந்த பெண்களுக்காவது பயன்படுமா என்று உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட நான்கு நாடுகளில் செய்த ஆய்விலும் கொதிப்பு குறையவில்லை. நல்ல பொருள்தானே, கூடினால் என்ன என்று நினைத்து அளவு மீறிய வைட்டமின் ஏ விழுங்கினால் கருவுக்கு ஊனம் நேரக்கூடும். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்கு, மருத்துவர் எழுதாத எந்த டப்பாவும் வேண்டாம்.

வைட்டமின் சி வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாமல் ஈறு நிற்காது. பழைய காலத்துக் கப்பல்காரர்களின் ஈறு அழுகிப் பல் உதிர்ந்தது அது இல்லாமல்தான். ஆனால் அதற்கு ஆயிரம் ரூபாய் டப்பா எதற்கு? ஒரு கொய்யாவில் ஒரு நாளைக்கு வேண்டியதை விட அதிகம் இருக்கிறது. நெல்லிக்காயில் இருக்கிறது, முருங்கைக் கீரையில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அரியலூர் மாவட்டத்துக்காரர்களாகிய நாம் காலால் மிதித்துக்கொண்டு போகிற முந்திரிப் பழத்தில் இருக்கிறது. ஆரஞ்சுப் பழத்தைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு வைட்டமின் சி அதில் உண்டு. பங்குனி, சித்திரையில் ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கத்துத் தோப்புகளில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மண்ணில் வீசுகிறோம். அது புளித்து நாறிக்கொண்டிருக்கும் தோப்பு வழியாகவே ஆன்டி ஆக்ஸிடன்ட் டப்பா ஊருக்குள் வருகிறது. பழம் தொண்டையைக் கரகரக்கச் செய்யும் என்றால் உப்பு நீரில் நறுக்கிப் போட்டு எடுங்கள், காறல் குறையும். இவ்வளவும் சாப்பிட்டாலும் பல் துலக்காதவளின் ஈறு வீங்கத்தான் செய்யும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மாதவிடாய் நின்றவர்களைப் பற்றி. "இனிமே பல்லு எதுக்கு, பேத்தி எடுத்தாச்சு" என்பது எனக்கு எல்லாவற்றிலும் கசப்பான பேச்சு. எங்கள் பெரியம்மா ஐம்பது வயதில் முன்பல் நான்கோடு இருந்தார். கல்யாண வீட்டில் கறியைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் பிசைந்து சாப்பிடுவார், "எனக்குக் கறி பிடிக்காது" என்பார். அவருக்குப் பிடிக்கும். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது எலும்பு மெலிவது உண்மை, தாடை எலும்பும் விலக்கல்ல. வாய் உலர்கிறது, சிலருக்கு நாக்கு எரிகிறது. ஆனால் ஐம்பது வயதில் ஆடுகிற பல், ஐம்பது வயதில் ஆடத் தொடங்கியதல்ல. பதினைந்து வயதில் கசிந்து, இரண்டு மூன்று கர்ப்பத்தில் வீங்கி, சுற்றி எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கடைசியில் தெரிய வருகிறது. கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வராது. மிச்சம் இருப்பதை நிறுத்திக்கொள்ளலாம். சர்க்கரை நோய் சேர்ந்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். ஈறு கெட்டிருந்தால் சர்க்கரை அடங்காது, சர்க்கரை அடங்காவிட்டால் ஈறு ஆறாது. மெல்ல முடியாதவள் பயறும் கீரையும் கறியும் விட்டுவிட்டுக் குழைந்த சோற்றுக்குப் போகிறாள். அந்தச் சோறு சர்க்கரையை ஏற்றுகிறது.

"பல்லைச் சுத்தம் பண்ணினா ஆட ஆரம்பிச்சிடும்" என்கிற பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஈறோரத்து அழுக்கு உமிழ்நீரின் சுண்ணாம்பு ஏறி இறுகிக் காரையாகிறது. அதை பிரஷால் எடுக்க முடியாது. எலும்பு கரைந்துபோன பற்களைச் சில சமயம் அந்தக் காரையே ஒட்டுப் போட்ட மாதிரி பிடித்து வைத்திருக்கும். எடுத்ததும் ஆட்டம் தெரியும், பல்லிடுக்கில் சந்து தெரியும். அந்தச் சந்து ஏற்கெனவே இருந்தது, காரை அதை அடைத்து வைத்திருந்தது. காரையை விட்டுவைத்தால் எலும்பு மேலும் கரையும். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு.

அரசாங்கத்திடமும் ஒரு வழக்கு இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு இவ்வளவு செய்கிற மாநிலம் வேறு எது? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் 18,000 ரூபாய், அதில் பணமும் சத்துப் பெட்டியும். பெட்டியில் சத்துமாவு, பேரீச்சம்பழம், நெய், இரும்புச் சத்து டானிக். அந்த டானிக் பல்லில் படிந்து கறுப்பாக்கும் என்பதால் ரகசியமாக ஊற்றிவிடுகிற பெண்கள் உண்டு. குடித்ததும் வாய் கொப்பளித்து, ராத்திரி துலக்கினால் அந்தக் கறை தங்காது என்று யாராவது சொன்னால் குடிப்பார்கள். ரத்தசோகையும் குறையும். அந்தப் பெட்டியில் மெல்லிய நாருள்ள ஒரு பிரஷும் பேஸ்டும் வையுங்கள். செலவு மிகச் சிறிது. எடை பார்க்கிறார்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்துச் சோதிக்கிறார்கள், வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார்கள். வாயைத் திற என்று சொல்பவர்கள் அரிது. ஈறு சிவந்திருக்கிறதா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம்.

போக இடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்தாகிவிட்டது. 1980-ல் சிதம்பரத்தில் தொடங்கிய ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி இப்போது அரசுக் கல்லூரி. மதனத்தூர் பாலம் தாண்டினால் கும்பகோணம். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும் என்பது உண்மை. கடைசியில் பல் கட்டப் போகும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

வீட்டில் செய்ய வேண்டியதில் கடினமானது எதுவும் இல்லை. காலையில் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை, ஈறோரம் வரை மெல்லிய பிரஷ். ரத்தம் வருகிறது என்று நிறுத்திவிடக் கூடாது. ரத்தம் வருவதே அங்கே அழுக்கு இருக்கிறது என்பதற்கான அடையாளம், ஒரு வாரம் விடாமல் துலக்கினால் பெரும்பாலும் குறையும். குறையாவிட்டால் காரை இருக்கிறது, மருத்துவர்தான் எடுக்க வேண்டும். மசக்கையில் பேஸ்ட் வாடை குமட்டினால் பேஸ்ட் இல்லாமல் வெறும் பிரஷால் துலக்கலாம். வாந்தி எடுத்ததும் உடனே துலக்கக் கூடாது, அமிலத்தில் இளகிய எனாமல் தேய்ந்துவிடும். ஒரு சிட்டிகை ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, அரைமணி கழித்துத் துலக்கலாம். ஈறில் சிவந்த கட்டி ஒன்று திரண்டு தொட்டால் ரத்தம் வந்தால் புற்றுநோய் என்று பதற வேண்டாம். கர்ப்ப காலத்தில் சிலருக்கு வரும், பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் சுருங்கிவிடும். ஆனால் காட்டிவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமைகளில் சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வரிசையில் உங்கள் மருமகள் இருந்தால், முறை வரும்போது, "ஈறுல ரத்தம் வருது, பாருங்க சிஸ்டர்" என்று நீங்களே சொல்லுங்கள். பல் மருத்துவரிடம் காட்டச் சீட்டு எழுதிக் கேளுங்கள். அவசரம் இல்லாத வைத்தியத்துக்குப் பதினான்காம் வாரத்திலிருந்து இருபதாம் வாரம் வரை வசதியான காலம். வலியோ சீழோ இருந்தால் எந்த வாரமானாலும் உடனே. கூடப் போகும்போது உங்கள் வாயையும் காட்டிவிட்டு வாருங்கள், அத்தை. உங்களுக்கு மிச்சம் இருக்கிற பற்களைச் சுற்றி இன்னும் எலும்பு இருக்கிறது.